வெடித்த பலகை



மைக்குக்குப் பக்கத்தில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருக்கிறேன். எதற்கு என்று உள்ளே வரும்போதே இரண்டு தம்பிகள் கேட்டார்கள். கடைசியில் சொல்கிறேன் என்றேன். வாகைப் பலகை, ஒன்றேகால் அடி அகலம், ஒரு முனையிலிருந்து முக்கால் முழம் வெடித்திருக்கிறது, காசிமேட்டில் விறகோடு விறகாகக் கிடந்தது. இப்போதைக்கு இவ்வளவு போதும்.

போருக்குப் பிறகு வந்த ஜப்பானிய மரச்சாமான் வடிவமைப்பாளர் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று இந்த அறக்கட்டளையார் கேட்டபோது எனக்கு முதலில் தோன்றிய பெயர் ஷிரோ குரமாதா. 1934-இல் தோக்கியோவில் பிறந்து 1991-இல் மறைந்தவர். பள்ளியில் மரவேலை படித்தார். பிறகு மரத்தை விட்டுவிட்டு அக்ரிலிக், கண்ணாடி, எஃகு வலை என்று போனார். 1986-இல் எக்ஸ்பாண்டட் மெட்டல் வலையை மட்டும் வளைத்துப் பற்றவைத்து, உள்ளே சட்டமே இல்லாமல் ஒரு பெரிய கைநாற்காலி செய்தார். பெயர் ‘ஹவ் ஹை த மூன்’, ஒரு ஜாஸ் பாட்டின் தலைப்பு. இன்றைக்கு அது அருங்காட்சியகங்களில் இருக்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் எந்த வெல்டிங் கடைக்குப் போனாலும் அந்த வலையை எடுத்துக் காட்டுவார்கள். நம் வீட்டு ஜன்னலில் இருப்பதும் அதுதான். அதில் உட்கார்ந்து எழுந்தால் முதுகில் கோலம் விழுமே என்பது என் சந்தேகம். ஆனாலும் பெரிய ஆள்.

அவரைப் பற்றிப் பேசலாம் என்றுதான் குறிப்பெடுக்க ஆரம்பித்தேன். எடுக்க எடுக்க இன்னொருவர் குறுக்கே வந்தார். அவர் ஜப்பானிய வம்சம், பிறந்தது அமெரிக்காவில், முதன்முதலாக மரச்சாமான் செய்தது இங்கிருந்து மூன்றரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் புதுச்சேரியில். ஜார்ஜ் நாகஷிமா. இவ்வளவு பக்கத்தில் ஒரு கதையை வைத்துக்கொண்டு தோக்கியோவுக்கு ஏன் போக வேண்டும்? தொண்டியிலிருந்து வந்து தங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபுவைத் ‘தொண்டியார்’ என்று கூப்பிட்டு, அந்தப் பெயரையே ஊருக்கும் வைத்துக்கொண்ட பேட்டை இது. வந்து தங்கியவர்களின் கதை நமக்கு அந்நியம் இல்லை.

நான் பேசத் தகுதி என்ன என்று யாராவது கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்ல முடியும். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு வார்ப்புப் பட்டறையில் 32 வருஷம் பேட்டர்ன் செய்தேன். பேட்டர்ன் என்றால், இரும்பில் என்ன வேண்டுமோ அதை முதலில் தேக்கில் செதுக்குவது. அதை மண்ணில் பதித்து எடுத்துவிட்டு, அந்தக் குழியில் உருகின இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது அடிக்கு அரைக்கால் அங்குலம் சுருங்கும். அதனால் மரத்தை அந்த அளவு பெரிதாகச் செதுக்க வேண்டும். அதற்கென்று தனி ஸ்கேலே உண்டு. அதில் ஓர் அடி உண்மையான ஓர் அடியைவிட நீளம். மரத்தில் நான் செய்த எதையும் எந்த வீட்டுக் கூடத்திலும் பார்க்க முடியாது. மண்ணுக்குள் போய் வந்து, கடைசியில் பாய்லருக்குப் போயிற்று.

இனி நாகஷிமா. 1905-இல் அமெரிக்காவின் ஸ்போக்கேனில் பிறந்தார். பெற்றோர் ஜப்பானிலிருந்து குடியேறியவர்கள். சியாட்டிலில் கட்டடக்கலை படித்தார், பிரான்சில் கொஞ்சம், பிறகு எம்.ஐ.டி.யில் முதுகலை. படித்து முடித்த நேரத்தில் அமெரிக்காவில் பெருமந்தம். காரை விற்று, உலகம் சுற்றும் கப்பல் டிக்கெட் ஒன்று வாங்கினார். பாரிஸில் ஒரு வருஷம். 1934-இல் தோக்கியோவில் அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் சேர்ந்தார். ரேமண்ட் செக் நாட்டுக்காரர். இம்பீரியல் ஓட்டல் கட்ட ஃபிராங்க் லாய்ட் ரைட்டோடு ஜப்பானுக்கு வந்து, பிறகு அங்கேயே தங்கி வேலை செய்தவர்.

அந்த அலுவலகத்துக்கு ஒரு வேலை வந்தது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் சாதகர்கள் தங்க ஒரு விடுதி. ஆசிரமத்தில் பவித்ரா என்று அழைக்கப்பட்ட பிலிப் பார்பியே சாந்த் இலேர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் முன்பு ஜப்பானில் இருந்தவர். அவருக்கு ரேமண்டைத் தெரியும். பணம் ஐதராபாத் சமஸ்தானத்து சர் அக்பர் ஹைதரி தந்த நன்கொடை. அந்த நன்றிக்காக, வைரத்துக்குப் பேர்போன கோல்கொண்டாவின் பெயரைப் பிரெஞ்சு உச்சரிப்பில் ‘கோல்கோந்த்’ என்று வைத்தார்கள். அந்த வேலையைப் பார்க்கத்தான் நாகஷிமா 1930களின் பிற்பகுதியில் புதுச்சேரிக்கு வந்தார்.

கட்டடத்தை நான் தெருவில் நின்றுதான் பார்த்திருக்கிறேன். டூமா வீதியில், மதிலுக்கு மேலே தெரியும். மதிலுக்கு மேலே சுவர் இருக்கும் என்று பார்த்தால், சுவர் இல்லை. வடக்குப் பக்கமும் தெற்குப் பக்கமும் தரையிலிருந்து கூரை வரைக்கும் படுக்கை வசத்தில் சட்டங்கள், திறந்து மூடலாம். உள்ளே அறைகளுக்குத் தேக்குச் சட்டங்கள் வைத்த தள்ளுகதவுகள், அவற்றிலும் இடுக்கு வழியே காற்று போகும். தரை கடப்பைக் கல். கூரை மேல் தனித்தனியாக வார்த்து வைத்த வளைவான கான்கிரீட் ஓடுகள். அவற்றுக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவே காற்று ஓடும். இரண்டு பக்கமும் தோட்டம் இருப்பதும் அழகுக்கு மட்டும் இல்லை. ஒரு பக்கம் நிழல் அடர்த்தி, ஒரு பக்கம் வெயில். அந்த வித்தியாசத்தில் காற்று தானாகவே கட்டடத்துக்குள் நுழைந்து வெளியே போகும். ஏசி இல்லாத காலம். புதுச்சேரி சித்திரை மாதம். கான்கிரீட்டில் அப்படி ஒன்றை இந்தியாவில் அதற்கு முன்னால் கட்டியவர்கள் அரிது.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது காற்றும் இல்லை, கான்கிரீட்டும் இல்லை. பித்தளை. கதவுக் கீலும் தாழ்ப்பாளும் சட்டங்களைத் திருப்பும் கருவிகளும் செய்வதற்கு, பக்தர்கள் கொடுத்த பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி அங்கேயே வார்த்தார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பித்தளை அடிக்கு மூன்று வீசம் அங்குலம் சுருங்கும், இரும்பைவிட அதிகம். அதிலும் குடம் ஒரு கலவை, சொம்பு ஒரு கலவை, விளக்கு வேறு. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு உருக்கினால் என்ன வரும் என்று எந்த வார்ப்புக்காரனும் முன்கூட்டிச் சொல்ல மாட்டான். அதை வைத்துக்கொண்டு, ஒன்றோடொன்று பிசகாமல் பொருந்தித் திரும்ப வேண்டிய நூற்றுக்கணக்கான உறுப்புகளை வார்த்திருக்கிறார்கள். வேலை செய்தவர்களில் பலர் அதற்கு முன் உளியோ அரமோ தொட்டிராத ஆசிரமத்துச் சாதகர்கள். கூடவே கூலிக்கு வந்த உள்ளூர்க் கொத்தனாரும் தச்சரும் இருந்தார்கள். ரேமண்ட் பெயர் தெரியும், நாகஷிமா பெயர் தெரியும், பின்னால் பொறுப்பேற்ற ஃபிரான்டிஷெக் சம்மர் பெயர் தெரியும். அந்தப் பித்தளை வார்ப்புகளுக்கு அச்சு வெட்டியவர் யார்?

இருக்கட்டும். நாகஷிமா அங்கே சம்பளம் வாங்குவதை விட்டுவிட்டார். வேலை பார்க்க வந்தவர் சாதகராகவே ஆனார். ஸ்ரீ அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயர் கொடுத்தார். அந்த விடுதி அறைகளுக்கு வேண்டிய கட்டில், மேசை, நாற்காலிகளை அவர்தான் வரைந்தார். எல்லாம் தேக்கு. அவர் மரச்சாமான் வாழ்க்கை அங்கே தொடங்குகிறது. எம்.ஐ.டி.யில் தொடங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். படிப்பு அவருக்கு வரைய மட்டுமே கற்றுக்கொடுத்தது. கட்டடம் எழும் இடத்திலேயே தங்கி, பொருள் கைக்கு வரும் வரைக்கும் காத்திருந்து, வந்ததும் அது எப்படி வந்திருக்கிறது என்று பார்த்து, அப்புறம் வரைபடத்தைத் திருத்திக்கொள்ளும் பழக்கம் புதுச்சேரியில் வந்தது. ஆசிரமத்தார் இதை ஆன்மிகக் கதையாகச் சொல்வார்கள். அவரும் அப்படித்தான் சொன்னார். நான் இதைப் பட்டறைக் கதையாகப் படிக்கிறேன்.

1939-இல் போர் நெருங்கும் நேரத்தில் அங்கிருந்து கிளம்பி, ஜப்பான் வழியாக அமெரிக்கா திரும்பினார். அங்கே எழும்பிக்கொண்டிருந்த புதுக் கட்டடங்களைப் போய்ப் பார்த்தார். ரைட்டின் கட்டடமே உட்பட, கட்டிய விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. வரைபவர் ஒருவர், கட்டுபவர் வேறொருவர், நடுவில் கான்ட்ராக்டர். இதில் தனக்குக் கட்டுப்படி ஆகாது என்று கட்டடக்கலையை விட்டார். முதலிலிருந்து முடிவு வரை தன் கையில் இருக்கும் தொழிலாக மரச்சாமானைத் தேர்ந்தெடுத்தார். சியாட்டிலில் ஒரு கத்தோலிக்கச் சிறுவர் மன்றத்துப் பையன்களுக்குத் தச்சு சொல்லிக்கொடுத்தால் அதன் அடித்தளத்தைப் பட்டறையாக வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. 1941-இல் கல்யாணம். மனைவி மரியன் ஒகஜிமா.

1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஆணை வந்தது. மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சத்தார் ஒரு லட்சத்துக்கும் மேல் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். நாகஷிமா குடும்பம் போனது ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாம். கையில் பிறந்து சில வாரமே ஆன பெண் குழந்தை, மீரா. பெயரைக் கேட்டதும் உங்களுக்குப் புரிந்திருக்கும், புதுச்சேரி விட்டுப்போகவில்லை.

முள்வேலிக்கு உள்ளே கென்தாரோ ஹிகோகாவா என்ற தச்சர் இருந்தார். ஜப்பானில் முறையாகத் தொழில் பழகியவர். கட்டடக்கலையில் முதுகலைப் பட்டம் வாங்கிய நாகஷிமா அவருக்குக் கையாளாகச் சேர்ந்தார். ஜப்பானியத் தச்சர் வாளையும் இழைப்புளியையும் தன் பக்கமாக இழுத்து வேலை செய்வார். நம்மவர் இழைப்புளியைத் தள்ளுவார். இழுக்கும்போது தகடு விறைப்பாக நிற்கும், அதனால் வாள் மெல்லியதாக இருந்தாலும் வளையாது, வெட்டும் குறுகும். கூரும் துளையும் மயிரிழை பிசகாமல் பொருந்துவதன் பாதி ரகசியம் அதில் இருக்கிறது. மரம் எங்கே கிடைத்தது? பாரக்குகள் கட்டி மிச்சமான துண்டுகள், பாலைவனத்தில் முளைத்த புதர்க்கட்டைகள். கோணலும் முடிச்சுமாக இருப்பது மட்டும்தான் கிடைக்கும் என்றால், கோணலையும் முடிச்சையும் வைத்துத்தான் யோசிக்க வேண்டும். அவருடைய பிற்காலத்துப் புகழெல்லாம் இந்த இல்லாமையில் ஆரம்பித்தது என்பது என் எண்ணம். ஹிகோகாவாவின் பெயர் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம், சீடர் அதை மறக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

1943-இல் பழைய முதலாளி ரேமண்ட் பிணையாக நின்று அவர்களை வெளியே எடுத்தார். பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற ஊரில் ரேமண்டுக்குப் பண்ணை இருந்தது. அங்கே கோழி பார்த்துக்கொள்ளும் வேலை. பிறகு பக்கத்திலேயே மூன்று ஏக்கர் நிலம், அதற்கும் உடலுழைப்பே விலை. அங்கே பட்டறை எழுந்தது. ‘நால்’ என்ற மரச்சாமான் நிறுவனம் 1946-லிருந்து அவர் வரைந்த நேர்முதுகு நாற்காலியைத் தயாரித்து விற்றது. 1960-இல் கோனாய்ட் நாற்காலி வந்தது. இரண்டே கால், தரையில் நீளமாகக் கிடக்கும் இரண்டு கட்டைகள், இருக்கை முன்பக்கம் தாங்கலில்லாமல் நிற்கும். கவிழ்ந்துவிடும் என்றுதான் பார்த்தவர்கள் சொன்னார்கள். கவிழவில்லை. 1973-இல் அமெரிக்கப் பெருஞ்செல்வர் நெல்சன் ராக்கஃபெல்லர் வீட்டுக்கு மட்டும் 200 உருப்படி. விருதுகள் வந்தன. 1964-இல் ஜப்பானின் தகமாட்சுவிலும் அவருடைய வடிவங்களைச் செய்யத் தொடங்கினார்கள். அதே வருஷம் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து அங்கேயும் வரைந்து கொடுத்தார். இந்த வரிசையை வேகமாகச் சொல்லிவிட்டேன். வெற்றியைச் சொல்ல அவ்வளவு நேரம் எடுக்காது.

வெடிப்புக்கு வருவோம். மரம் காயும்போது ஏன் வெடிக்கிறது என்பது இங்கே இருக்கும் தச்சர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக. மரத்தின் வருட வளையங்களை ஒட்டிய திசையில் சுருக்கம் அதிகம், வைரத்திலிருந்து பட்டை நோக்கிய திசையில் ஏறக்குறைய அதில் பாதிதான். ஒரே கட்டையில் இரண்டு விதச் சுருக்கம். இரண்டும் இழுத்துக்கொண்டால் பட்டையிலிருந்து வைரம் நோக்கி வாய் பிளக்கும். எங்கள் பட்டறையில் அந்த இடத்தை வெட்டித் தள்ளிவிடுவோம். ஒரு தடவை வெடிப்பைக் கவனிக்காமல் விட்டு, மண் இடுக்கில் ஏறி, நாலு வார்ப்பு பாழாகி, நான் வாங்கின திட்டு இன்னும் காதில் இருக்கிறது. திட்டியதில் நியாயம் இருந்தது.

நாகஷிமா வெட்டித் தள்ளவில்லை. பெரிய கட்டைகளைத் தேடி வாங்கி, அறுக்கும்போது கூடவே நின்று, அறுத்த பலகைகளை அந்த மரத்தில் இருந்த வரிசை மாறாமல் அடுக்கி, வருஷக்கணக்கில் காய வைப்பார். விளிம்பைச் சதுரிக்க மாட்டார். மரத்தின் வெளிவளைவு அப்படியே மேசையின் ஓரமாக இருக்கும். வெடிப்பு இருந்தால் அதன் குறுக்கே ஒரு சின்னக் கட்டையைப் பதிப்பார். இரண்டு முனை அகலம், இடுப்பு ஒடுக்கம். வண்ணத்துப்பூச்சி என்று அங்கே பெயர். எனக்கு அது உடுக்கையாகத்தான் தெரிகிறது. உடுக்கைக் கட்டையின் ரேகை வெடிப்புக்குக் குறுக்காக ஓட வேண்டும், அப்போதுதான் இழுவை தாங்கும். இரண்டு அகல முனைகளும் இரண்டு பக்கத்துப் பலகையையும் பிடித்துக்கொள்ளும்; வெடிப்பு அதற்கு மேல் வாய் திறக்காது. மக்கும் மெழுகும் போட்டு அடைத்து மறைக்கிற வேலை இல்லை இது. வெடிப்பு அங்கேயே, எல்லோரும் பார்க்க இருக்கும்.

இதைப் பார்த்து வெளிநாட்டுக்காரர்கள் வியந்தார்கள். நம் காசிமேட்டுப் படகுத் தச்சர் வியக்க மாட்டார். படகுக்கு விலா வைக்கிறார்களே, வங்கு, அதற்கு அவர் நேர்மரம் தேடுவதில்லை. கருவேலத்திலோ வாகையிலோ தானாக வளைந்த கிளையைத்தான் தேடுவார். நேர்ப்பலகையை வளைவாக அறுத்தால் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டு, அலை அடித்தால் அந்த இடத்தில் ஒடியும். மரமே வளைந்திருந்தால் ரேகையும் கூடவே வளைந்து போகும். கட்டுமரம் இன்னும் ஒரு படி மேலே: ஆணியே இல்லை, கட்டைகளை அவற்றின் வளைவு பார்த்து ஜோடி சேர்த்துக் கயிற்றால் கட்டுவது, கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காய வைப்பது. ஃபைபர் படகு வந்தபின் இந்தக் கண் படைத்தவர்கள் குறைந்துவிட்டார்கள். வங்குக்கு மரம் பார்க்கிற ஒருவருடன் போன மாதம் அரை நாள் இருந்தேன். ஒரு கிளையைக் கையில் எடுத்தார், ஒரு கண்ணை மூடி நீளத்துக்குப் பார்த்தார், கீழே போட்டார். அடுத்தது. பதினோராவது கட்டையில் ‘இது வலதுக்கு ஆவும்’ என்றார். படகின் வலது பக்கத்துக்கு. நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்குப் பிடிபடவில்லை.

1981-இல் வெளிவந்த தம் புத்தகத்துக்கு நாகஷிமா ‘தி சோல் ஆஃப் எ ட்ரீ’ என்று பெயர் வைத்தார். மரத்தின் ஆன்மா. இங்கேதான் எனக்கு அவரிடம் கொஞ்சம் கூச்சம் வரும். மரத்தில் ஈரம் இருப்பது எனக்குத் தெரியும், ரேகை இருப்பது தெரியும், பூச்சி இருப்பதும் தெரியும். ஆன்மாவைப் பற்றி எனக்குத் தெரியாது. அந்தச் சொல்லை வைத்தே இன்று உலகம் முழுக்க ஒரு வியாபாரம் நடக்கிறது. ஓரம் சீவாத எந்தப் பலகைக்கும் நாலு இரும்புக் கால் வைத்து, வெடிப்பில் நீலப் பிசினை ஊற்றி, அவர் பெயரைச் சொல்லி விற்கிறார்கள். ஓரம் சீவாமல் விடுவது சுலபம். எந்தப் பலகையில் விடலாம், எந்த இடத்தில் காலை வைத்தால் அந்த ஓரம் கண்ணுக்கு நிற்கும் என்பதில்தான் அவருடைய கை இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர்முன் நான் மறுபேச்சில்லாமல் கைகட்டி நிற்பேன். நெடுங்காலம் அவர் தாம் செய்த சாமானில் கையெழுத்துப் போடவில்லை. மேசையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு பெயர் இருக்கும். அது வாங்கியவர் பெயர். இந்தப் பலகை இன்ன வீட்டுக்கு என்று முதலிலேயே எழுதிவைப்பது. வயதான காலத்தில்தான் தம் பெயரையும் போட ஆரம்பித்தார். இன்று ஏலத்தில் அந்தக் கையெழுத்துக்கும் தனி மதிப்பு.

1989-இல் பிரின்ஸ்டனில் ஒரு வீடு எரிந்து, அவர் செய்த நூற்றுக்கும் மேற்பட்ட சாமான்கள் ஒரே நாளில் சாம்பலாயின. அப்போது அவருக்கு வயது 84. மறுபடி செய்து தரும் வேலையில் இறங்கினார். 1990-இல் இறந்துபோனார், மீதியை மீரா முடித்தார். முகாமுக்குக் கைக்குழந்தையாகப் போன அதே மீரா. நியூ ஹோப் பட்டறை பிறகு அவர் பொறுப்பில் தொடர்ந்தது.

கடைசிக் காலத்தில் நாகஷிமாவுக்கு ஓர் ஆசை. பிரம்மாண்டமான ஒரு கறுப்பு வால்நட் கட்டை கிடைத்தது. அதை அறுத்து, கண்டத்துக்கு ஒன்றாக அமைதி மேசைகள் செய்ய வேண்டும். முதல் மேசை 1986-ஆம் ஆண்டின் கடைசி நாளில் நியூயார்க்கின் புனித ஜான் பேராலயத்தில் வைக்கப்பட்டது. ஆசியாவுக்கான மேசை 1996-இல் புதுச்சேரிக்குப் பக்கத்து ஆரோவிலுக்கு வந்தது. யூனிட்டி பெவிலியனில் இருக்கிறது. புதுச்சேரியை விட்டுப் போனவர் 57 வருஷம் கழித்து, ஒரு மேசையாகத் திரும்பி வந்தார்.

நான் போய்ப் பார்த்தேன். மற்றவர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். நான் உடுக்கைக் கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூட்டுகள் எப்படி இருக்கின்றன என்று நகத்தை ஓட்டிப் பார்க்க ஆசை, ஆனால் அங்கே நிலவிய அமைதியில் கை நீட்டத் துணிவில்லை.

ஆகவே இந்தப் பலகை. வெடிப்பின் குறுக்கே இரண்டு உடுக்கைக் கட்டைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. இரண்டும் தேக்கு. ஒன்று நான் போட்டது. இன்னொன்று, பத்துக் கட்டையைக் கீழே போட்ட அந்தப் படகுத் தச்சர் போட்டது. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, உளியை இப்படிக் கொடுங்க சார் என்று வாங்கிக் கால் மணி நேரத்தில் முடித்தார். பலகைக்கு அடியில் உங்கள் பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன். எதுக்கு என்று சிரித்துவிட்டார்.

வெளியே தேநீர் தயாராக இருக்கிறது என்கிறார்கள். போகும் வழியில் ஒரு தரம் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கட்டை மேலும் விரலை ஓட்டிப் பாருங்கள். ஒன்று லேசாகத் தட்டும். அது என்னுடையது.